இழுங்க, பிடிங்க, விடுங்க

தூங்குகிற ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, மூச்சு விடுகிறார் என்று சொல்லிவிடுகிறோம். அந்த நெஞ்சில் ஏறுகிற இடமெல்லாம் தானாகத்தான் ஏறுகிறதா, அல்லது பக்கத்தில் இருப்பது அதை இழுத்துக்கொண்டு போகிறதா என்று வெளியிலிருந்து பார்த்து எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி என் வேலையில் முளைத்தது. பிறகு என் வீட்டுக்குள் வந்தது. இன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். எக்ஸ்ரே வேலைக்கு வர நினைக்கும் பெண்களுக்கு இதில் கொஞ்சமாவது உபயோகம் இருக்கும் என்று நினைத்து மூன்றாவது முறை எழுதுகிறேன்.

முதல் நாள்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மெட்ராஸில் எக்ஸ்ரே உதவியாளர் பயிற்சியும் முடித்து, கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு தனியார் நெஞ்சுநோய் கிளினிக்கில் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீடு குமணன்சாவடியில், நடந்தே போய்விடுவேன். என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை.

பிலிம் எடுக்க எனக்குத் தெரியும். நோயாளியை நிறுத்தி, பிலிம் போட்ட கேசட்டை நெஞ்சோடு ஒட்ட வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஸ்விட்சை அமுக்க வேண்டும். பிலிமில் எலும்பு வெள்ளையாக, அசையாமல் இருக்கும். அசைந்திருந்தால் அது கெட்டுப்போன பிலிம், டாக்டரிடம் திட்டு விழும். உடம்புக்குள் நடக்கும் அசைவைத் திரையில் நேராகப் பார்க்கிற ஸ்கிரீனிங் வேறு மாதிரி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்கான மெஷின் ரிப்பேரில் கிடந்ததால் காட்டவில்லை.

ஸ்கிரீனிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவின் ஓரமெல்லாம் கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே போனால் திரையில் ஒன்றும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்காக டாக்டர் கால் மணி நேரம் முன்பே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். எனக்கும் ஒன்று கொடுத்தார். போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். லாரி, எதிர்க்கடையில் தொங்கிய வாழைத்தார், சைக்கிளில் போனவரின் வேட்டி எல்லாம் ஒரே சிவப்பாகக் கிடந்தன.

நோயாளி ஒரு வயதான நெசவாளி. மெஷினுக்கும் திரைக்கும் நடுவில் அவரை நிறுத்தினேன். டாக்டர் ஈய ஏப்ரன் கட்டிக்கொண்டார், எனக்கும் ஒன்று கட்டிவிட்டார்கள். அதன் கனத்தில் தோள் இறங்கியது. விளக்கை அணைத்ததும் என் கையே எனக்குத் தெரியவில்லை. டாக்டர் காலால் ஸ்விட்சை மிதிக்கும் சத்தம் கேட்டது.

இருட்டின் நடுவில், மங்கின பச்சை ஒளியில் ஒரு விலாக்கூடு வந்து நின்றது. அதற்குத் தலை இல்லை, கால் இல்லை. பிலிமில் வெள்ளையாக இருக்கும் எலும்புகள் இங்கே கறுப்பாக இருந்தன. நடுவில் இதயம் துடித்தது. கூட்டின் அடியில் இரண்டு பக்கமும் கவிழ்த்த சட்டி மாதிரி இரண்டு மேடுகள்.

"சொல்லு" என்றார் டாக்டர்.

என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. பழக்கத்தில், "இழுங்க" என்றேன்.

எலும்புகள் எழுந்தன. படுத்திருந்த வாளிக் கைப்பிடியைத் தூக்குவதுபோல ஒவ்வொரு விலாவும் வெளிப்பக்கமாக உயர்ந்தது. அடியிலிருந்த இரண்டு மேடுகளும் கீழே இறங்கின. "பிடிங்க" என்றேன், எல்லாம் அப்படியே நின்றது. "விடுங்க" என்றதும் தணிந்தது. என் குரலுக்கு ஒரு எலும்புக்கூடு கீழ்ப்படிந்தது. நெசவாளி இருமினார். கூடு குலுங்கியது. ஆனால் இருமல் சத்தம் கூட்டிலிருந்து வரவில்லை, இருட்டில் வேறெங்கோ உயரத்திலிருந்து வந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் எனக்கு விளக்கினார். அவர் அதிகம் பேசாதவர், பேசினால் பாடம் நடத்துவதுபோல இருக்கும். "காத்து உள்ள வர்றதால நெஞ்சு விரியுதுன்னு நினைச்சிட்டிருப்ப. அப்படி இல்ல சரோஜா. நெஞ்சு விரியறதாலதான் காத்து உள்ள வருது. விலாவுக்கு நடுவுல இருக்கற தசை எலும்பத் தூக்குது. அடியில மேடு மாதிரி பார்த்தியே, அது டயஃபிரம்னு ஒரு தசை, அது கீழ இறங்குது. பெட்டி பெரிசாகுது, உள்ள அழுத்தம் குறையுது, வெளியில இருக்கற காத்து தானா வந்து விழுது. நுரையீரல் வெறும் பை. அதுக்குத் தானா அசையத் தெரியாது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எதிரே வந்தவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. சட்டைக்குள், ரவிக்கைக்குள் எல்லாருக்கும் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குமணன்சாவடி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுவதும் யாரும் சொல்லாமலே இழுத்தது, விட்டது. உலை கொதிக்கும்போது நானே வாய்க்குள் "இழுங்க, பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்தினேன்.

ஏகாம்பரம்

வேலையில் ஓரளவு பழகிய பிறகு ஏகாம்பரம் வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். நெஞ்சுப் பரிசோதனைக்கு எடுத்த பிலிமில் வலப்பக்கத்து மேடு மட்டும் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது. டாக்டர் ஸ்கிரீனிங்கில் நிறுத்தச் சொன்னார்.

நான் "இழுங்க" என்றேன். எலும்புகள் எழுந்தன. இடப்பக்கத்து மேடு இறங்கியது. வலப்பக்கத்து மேடு ஏறியது.

"விடுங்க" என்றேன். இடது ஏறியது, வலது இறங்கியது. டாக்டர் ஸ்விட்சிலிருந்து காலை எடுக்கவில்லை. பிறகு, மூக்கை வேகமாக உறிஞ்சச் சொல் என்றார். ஏகாம்பரம் உறிஞ்சினார். இடது பக்கம் சட்டென்று கீழே குதிக்க, அதே நொடியில் வலது பக்கம் மேலே குதித்தது. இருட்டுக்குள் நான் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சிஸ்டர், சத்தத்தயே காணோம்? உள்ளார எதனா கெட்டுப்போய்க்கீதா?"

வெளிச்சத்துக்கு வந்த பிறகு டாக்டர் அவர் கழுத்தைப் பார்த்தார். சின்ன வயதில் கட்டி அறுத்த தழும்பு வலப்பக்கத்தில் இருந்தது. டயஃபிரத்துக்குப் போகும் நரம்பு கழுத்து வழியாகத்தான் இறங்குகிறதாம். அறுத்தபோது அது போயிருக்க வேண்டும். வலப்பக்கத் தசை அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. இடப்பக்கம் இறங்கி, விலா எழுந்து, நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும்போது, வலப்பக்கம் தொளதொளத்த துணி மாதிரி மேலே உறிஞ்சப்படுகிறது. அது அசையவில்லை, அசைக்கப்படுகிறது என்றார் டாக்டர். விலா எலும்புகள் நன்றாக வேலை செய்வதால் பயமில்லை, இத்தனை வருஷம் இருந்ததுபோலவே இருக்கலாம் என்றும் சொன்னார்.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "அப்ப நா இழுத்தா அவன் வுடறான், நா வுட்டா அவன் இழுக்கறானா? எனுக்குள்ள ஒர்த்தன் குடி வந்துகீறான் டாக்டர், வாடகயும் தர்ல."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் போகும்போது என் மேஜை பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு மாதிரி பேசினார். "மல்லாக்கப் படுத்தா மட்டும் யாரோ நெஞ்சு மேல குந்திகினாப்ல கீது சிஸ்டர். என் சம்சாரத்தாண்டகூட சொன்னதில்ல. இன்னிக்குத்தான் ஆளு யாருன்னு தெரிஞ்சிது."

இதை வீட்டில் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொன்னேன். என் கணவரும் அவருடைய அக்காவும் கேட்டார்கள். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அண்ணிதான் முதலில் தொழிற்பேட்டைக்குப் போய், மருந்து பாட்டில் கழுவும் வேலையில் சேர்ந்து, தம்பியைப் படிக்க வைத்தவர். ஏகாம்பரம் கதைக்கு அண்ணி சிரிக்கவில்லை. இதையெல்லாம் பார்க்கிற வேலையா என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நாளில் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன். கதிர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அன்றிலிருந்து அவர் என்னை ஸ்கிரீனிங் அறைக்குள் விடவில்லை. பிலிம் கழுவிக் காயப்போடுவதும் சீட்டு எழுதுவதும் என் வேலையாகிவிட்டன. தெரிவதற்கு முன்னால் உள்ளே நின்ற நாட்களைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரன் போட்டிருந்தாய், பின்னால் நின்றாய், ஒன்றும் ஆகாது என்றார். நான் பல தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பொறுமையோடு சொன்னார். அந்தப் பொறுமையே என்னைப் பயமுறுத்தியது.

கை

பூந்தமல்லியில் ஒரு பிரசவ விடுதியில் மலர் பிறந்தாள். பெரிய குழந்தை. தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இழுக்காவிட்டால் அவள் இல்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் அழுதாள்.

வலது கை துவண்டு தொங்கியது. உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருந்தது. தோளில் நரம்பு இழுபட்டிருக்கிறது, பல குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். நானும் கையைத்தான் பார்த்தேன். மூச்சு வேகமாக இருந்தது, பால் குடிக்கும்போது அடிக்கடி விட்டுவிட்டு இளைத்தாள். பச்சைக் குழந்தை அப்படித்தான் என்றார்கள். ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் வேலை செய்கிறவள் அதற்கு மேல் கேட்காமல் இருந்தது எப்படி என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளை பெற்ற உடம்பில் அறிவு எங்கே இருந்ததோ தெரியவில்லை.

அண்ணியின் கால் மேல்

தொப்புள் கொடி விழுந்ததும் அண்ணி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். தெருவில் எத்தனையோ பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை. பின்கட்டு வெயிலில் மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைப்பார். முதலில் மல்லாக்க, பிறகு குப்புற.

அன்று குப்புறப் போட்டு முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த மலர் திடீரென்று நிறுத்தினாள். நான் துண்டோடு எதிரில் நின்றேன். உதடு நீலமாகியிருந்தது. அண்ணியும் பார்த்துவிட்டார். மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சட்டென மல்லாக்கத் திருப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

எண்ணெய் பளபளப்பில், நேர் வெயிலில், அந்தச் சின்ன வயிற்றை அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் தொப்புள் நகர்ந்தது. நடுவில் எழும்பவில்லை. வலப்பக்கமாக, மேல் நோக்கி, உள்ளேயிருந்து யாரோ நூலைக் கட்டி இழுப்பதுபோல நகர்ந்து, மூச்சை விடும்போது திரும்பி வந்தது. இடது விலாவுக்குக் கீழே வயிறு உப்பியபோது வலது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

நா இழுத்தா அவன் வுடறான். ஏகாம்பரத்தின் குரல் பின்கட்டில் கேட்டதுபோல எனக்கு இருந்தது. துண்டு கையிலிருந்து விழுந்துவிட்டது.

"உரம் வுழுந்துகீது" என்றார் அண்ணி. "கையும் அதான், மூச்சும் அதான். பொடவைல போட்டு உருட்டி எடுத்தா சரியாப்பூடும்."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குச் சதை பிடித்துக்கொண்டால் உரம் என்பார்கள். ஒரு பழைய புடவையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் குழந்தையைப் போட்டு, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். அண்ணி புடவையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்.

உருட்டும்போது குழந்தை ஒவ்வொரு சுற்றிலும் குப்புற விழும். குப்புற விழுந்தால் வயிறு அமுங்கும். இவளுக்கு டயஃபிரத்தில் வேலை செய்கிற ஒரே பாதியும் இறங்க முடியாமல் நின்றுவிடும். இது எனக்கு அந்த நிமிஷம் திரையில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் அண்ணியை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டாம் அண்ணி என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சொல்லிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

"இருட்டு ரூம்புல வெளக்கணைக்கற வேலைக்கு இம்மாம் பேச்சா? பெரிய டாக்டரம்மா வந்துட்டாமே" என்றார் அண்ணி.

நான் அப்படியே தெருவில் இறங்கிக் கரையான்சாவடிக்கு நடந்தேன். அண்ணி பின்னாலேயே வந்தார். வழி முழுவதும் திட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அந்தப் புடவையை மடித்து, வெயில் படாமல் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தார்.

திரைக்கு முன்னால்

டாக்டர் குழந்தையின் வயிற்றை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி மடியில் குழந்தை. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவள் உதட்டு நிறம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போனது என்று என்னால் எழுத முடியாது.

அண்ணிக்கு ஈய ஏப்ரனைக் கட்டி, குழந்தையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னோம். நான் டாக்டர் பக்கத்தில் நின்றேன். விளக்கு அணைந்தது. ஸ்விட்ச் விழுந்தது.

பச்சையில் ஒரு சின்னக் கூடு. பெரியவர்களின் விலாபோலச் சரிந்து இறங்காமல், சீப்புப் பற்கள் மாதிரி நேராக, மெல்லியதாக இருந்தன எலும்புகள். அதன் இரண்டு பக்கமும் அண்ணியின் விரல் எலும்புகள் கறுப்பாக, கணு கணுவாகப் பிடித்துக்கொண்டிருந்தன. கீழே வளையல்கள் இரண்டு கறுப்பு வட்டங்களாக நின்றன. அண்ணியின் முகமும் இல்லை, குழந்தையின் முகமும் இல்லை.

"சொல்லு" என்றார் டாக்டர், பழக்கத்தில்.

"இழுங்க" என்றேன் நானும். பிறந்து சில நாட்களேயான என் பெண்ணிடம் மரியாதையாகச் சொன்னேன். கூடு என் குரலைக் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அசைவு சரியாகத் தெரிய வேண்டுமானால் அழ வேண்டும், பாதத்தைச் சுண்டச் சொல் என்றார் டாக்டர்.

இருட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "பச்சப்புள்ளய ஏன் அழ வெக்கணும்? எனுக்கு ஒண்ணுந் தெரியலியே, இன்னாதான் பாக்கறீங்க?"

நானே கையை நீட்டிச் சுண்டினேன். என் விரல் எலும்புகள் திரைக்குள் வந்து ஒரு சின்னப் பாதத்தைத் தொட்டுவிட்டு மறைந்தன. மலர் அழுதாள். இடது மேடு இறங்கியது, வலது மேடு ஏறியது. இடது ஏறியது, வலது இறங்கியது. டாக்டர் உடனே காலை எடுத்துவிட்டார். கூடு போய்விட்டது, அழுகை மட்டும் இருட்டில் இருந்தது.

வெளியே வந்து டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். தோளை இழுத்தபோது கை நரம்போடு டயஃபிரம் நரம்பும் இழுபட்டிருக்கிறது. அறுபட்டிருக்காது, அதனால் திரும்பி வரலாம். ஏகாம்பரத்துக்கு ஒரு பாதி போனாலும் விலா எலும்பு தூக்கிக் கொடுக்கிறது. கைக்குழந்தையின் விலா படுக்கைவாட்டில், வளைந்து கொடுக்கிற மாதிரி இருப்பதால் தூக்கிக் கொடுக்க வராது. அதற்கு வயிறுதான் மூச்சு. ஆகவே குப்புறப் போடக்கூடாது, வயிற்றில் துணி கட்டக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்க வேண்டும், வலப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூன்று மாதம் பார்க்கலாம். வராவிட்டால் மெட்ராஸுக்கு அனுப்பி, தொங்குகிற பாதியைத் தைத்து இறுக்க வேண்டியிருக்கும்.

நெஞ்சைத் திறப்பார்களா என்று கேட்டேன். திறக்காமல் தைக்க முடியாது என்றார்.

வலப்பக்கம்

அண்ணி உரம் எடுக்கிற பேச்சை விட்டுவிட்டார். அந்தப் புடவையையே சுருட்டி, குழந்தை புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் அணை வைத்தார். ஆனால் ஒரு நாள் அணையைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். "வயித்துல புள்ள நிக்கற நேரத்துல அந்தாளு நெஞ்சுக்குள்ள பாத்தியே. அவனுக்கும் வலப்பக்கம். இதுக்கும் வலப்பக்கம்."

தோளில் இழுபட்டதால் வந்தது, பார்த்ததால் வரவில்லை என்று சொன்னேன். படித்தவள் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அண்ணி புடவைச் சுருளை அழுத்திவிட்டு எழுந்தார். அவர் போன பிறகு நான் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். எப்படிப் போட்டாலும் ஏகாம்பரத்தின் மூச்சை நான் பார்த்த நாளில் மலர் என் வயிற்றில் இருந்திருக்கிறாள்.

அந்த மாதங்களில் நான் பார்த்தது தொப்புளைத்தான். துணி துவைக்கும்போது, சோறு வடிக்கும்போது ஓடிவந்து பார்ப்பேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அது வலப்பக்கம் போய் வந்தது. சில சமயம், குழந்தை மூச்சு விடவில்லை, உள்ளே இருக்கிற இன்னொன்று விடுகிறது, இவள் அதன் மேல் போர்த்திய தோல் என்று தோன்றும். பெற்றவளுக்கு வரக்கூடாத நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை. வேலையிலிருந்து வந்ததும் என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால்தான் உள்ளே வருவார்.

கை முதலில் வந்தது. தோளிலிருந்து கொஞ்சம் தூக்கினாள். பிறகு ஒரு மத்தியானம் அணையை எடுத்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். தொப்புள் நேராக எழும்பியது. அப்படியே குந்தியிருந்து அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். மறுபடியும் நேராக எழும்பியது. அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "தொப்புளு இருக்கவேண்டிய எடத்துலதான் கீது. இதுக்கா கூப்ட்ட?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் இரு பக்கமும் வைத்து, கட்டைவிரல் இரண்டும் நடுவில் தொடும்படி பிடித்தார். மலர் மூச்சை இழுத்தபோது கட்டைவிரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று ஒரே அளவாக விலகின. "சமமா விலகுது பாரு" என்றார். திரையில் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "கையிலயே தெரியறப்ப குழந்தைய ஏன் மறுபடி அதுக்கு முன்னால நிறுத்தணும்?" என்றார். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

அதற்கப்புறம் ஒருநாள் ஏகாம்பரம் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். "பாப்பா குடித்தனக்காரன காலி பண்ணிட்ச்சாமே. என் ஆளு மட்டும் நவுர மாட்டேங்கறான்" என்று சிரித்தார். இந்த முறை என்னால் சிரிக்க முடிந்தது.

இப்போது

மலருக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஓடுகிறாள், தெருப் பிள்ளைகளோடு கத்துகிறாள். வலது கையால்தான் சாப்பிடுகிறாள். நான் மறுபடி வேலைக்குப் போகிறேன், பிலிம் எடுப்பது மட்டும். பழைய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், புது டாக்டர் வந்திருக்கிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இருட்டுக்குள் அழைத்துப் போகும் முன் நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் நெஞ்சையும் வயிற்றையும் கண்ணால் பாருங்கள், கையை வைத்துப் பாருங்கள். திரை காட்டுவதில் பாதி அங்கேயே தெரியும். இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். எப்போது பார்ப்பதை நிறுத்துவது என்பதைத்தான் கற்றுக்கொள்ளவில்லை.

மலர் மத்தியானம் தூங்கும்போது நான் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் விலாவில் வைக்கிறேன். கட்டைவிரல்கள் விலகுகின்றன. சில நாள் சமமாக விலகுகின்றன. சளி பிடித்திருக்கும் நாட்களில் அவள் வலப்பக்கத்தில் இருக்கும் கட்டைவிரல் ஒரு நொடி பிந்துகிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. என் கணவரைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புது டாக்டரிடம் சொன்னேன். அவரும் கையை வைத்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததால், வேண்டுமானால் ஸ்கிரீனிங்கில் பார்த்துவிடலாம், ஒரு நிமிஷம், உங்கள் மனசு சமாதானமாகும் என்றார். என் மனசுக்காகப் பிள்ளையின் உடம்பில் கதிரை விடுவதா என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்க்காமல் விட்டு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று மறுபடி அழைத்துப் போனேன். கிளினிக் வாசலிலிருந்து திரும்பிவிட்டேன்.

போன வாரம் கையை வைத்திருந்தபோது கட்டைவிரல்கள் விலகவே இல்லை. நெஞ்சு அசையவில்லை. என் உயிர் போய் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மலர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக விட்டாள். மறுபடி நிறைய இழுத்தாள், பிடித்தாள், விட்டாள்.

"சரியா வுட்டனாம்மா?" என்று கேட்டாள்.

இவள் எத்தனை நாளாகத் தூங்காமல், தூங்குவதுபோலக் கிடந்து, என் கைக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் அந்தப் பிந்திய நொடிகள் அவள் நரம்பினுடையதா, அவள் என்னைக் கவனித்த நேரமா என்பதும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களையும், வைத்தியம் தெரிந்தவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை திரைக்கு முன் நிறுத்திப் பார்த்து இதை முடித்துவிடலாமா, அல்லது பார்க்காமலே கையை எடுத்துக்கொள்ளப் பழக வேண்டுமா? பிறக்கும்போது இப்படி ஆகி வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதோடு, மூச்சு விடுவது சரியா என்று தாயைக் கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொன்னால் அது அந்தக் கேள்வியை மறக்கும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். அவள் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.